குளிசையும் குழந்தையும்

வார இறுதிப் பக்கங்களிலே நாவலைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் எழுதுவோர் பலர். நானும் முன்னர் ஓரிரு தடவை அவ்வாறு எழுதியதுண்டு. இன்று எழுதப் புகுந்தது அத்தகைய பொருளன்று. ஒரு நோயைப் பற்றியும், அந்நோய்க்கு மருந்துண்ணும் பெண்ணொருத்தி தாயாக விரும்பும்போது நேரும் சங்கடத்தைப் பற்றியும் எழுதப் போகிறேன். இது வைத்தியர்கள் எழுதவேண்டிய விஷயமல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். வைத்தியர்கள் எழுதினால் மகிழ்ச்சியே. ஆயினும் இதிலே ஒரு பாதி வைத்தியசாலையில் நடப்பதன்று. எங்கள் வீட்டுக் குசினியில் நடப்பது. அந்தப் பாதியில் நான் செய்த பிழையொன்று உண்டு. அதனைச் சொல்லாது மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை.

என் தங்கையின் மகள் ஒருத்தி. தங்கை காலமான பின்னர் என்னிடத்திலே வளர்ந்தவள். வாயால் அழைப்பது பெரியம்மா என்றாலும் அவள் எனக்கு மகளே. பாடசாலையொன்றிலே கணிதம் படிப்பிக்கிறாள். 2018ஆம் ஆண்டில், அவளுக்கு 26 வயது நடக்கும்போது, ஒருநாட் காலையில் இடது கண்ணிற் புகை படர்ந்தாற்போல் இருக்கிறதென்றாள். கண்ணை அசைத்தால் நோகிறதென்றும், சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறதென்றும் சொன்னாள். மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்று நான் தீர்மானித்தேன். சில கிழமைகளிற் பார்வை தானாகவே திரும்பியது. கண்ணாடிக்குக் கொடுத்த காசைத் தவிர மற்றெல்லாவற்றையும் மறந்தோம். அடுத்த ஆண்டிலே இடுப்புக்குக் கீழே இரு கால்களும் மரத்துப்போயின. தலையையும் முள்ளந்தண்டையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த பின்னரே நோய்க்குப் பெயர் கிடைத்தது. மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்றார்கள். வைத்தியசாலையில் எல்லோரும் எம்.எஸ். என்று சுருக்கியே சொல்லுகிறார்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

மின்கம்பியின்மேல் இறப்பர் உறை இருப்பதுபோல எங்கள் நரம்பிழைகளின்மேல் மயலின் என்றோர் உறையுண்டு. உடலைக் காவல்செய்ய வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே திசைமாறி அவ்வுறையை அரிப்பதுதான் இந்நோய். மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் எவ்விடத்தில் அரிக்கிறதோ அவ்விடத்துக்குரிய தொழில் கெடும். ஒருத்திக்குக் கண், ஒருத்திக்குக் கால், இன்னொருத்திக்குச் சிறுநீரை அடக்கும் வலு. தாக்கம் வரும், தணியும், மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் சிறிது மிச்சத்தை விட்டுச் செல்லக்கூடும். பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ 1868ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக வகுத்துக் காட்டினார். 2020ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கின்படி உலகத்தில் 28 இலட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. எங்கள் பக்கங்களில் ஐரோப்பாவைப்போல் இது மலிந்ததன்று. அதனாலேதான் அயலவர் இதனை வாதமென்றும், செய்வினையென்றும், நரம்புத் தளர்ச்சியென்றும் தம் மனம்போல் பெயரிட்டுக்கொள்ளுகின்றனர்.

நேயர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இரண்டு. ஆண்களைக்காட்டிலும் பெண்களுக்கு இந்நோய் இரு மடங்குக்குக் குறையாமல் வருகிறது. வருகின்ற வயது பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்டது. அதாவது, நாங்கள் பெண்ணின் குறிப்பை எடுத்துக்கொண்டு பொருத்தம் பார்க்கத் திரிகின்ற அதே வயது. ஆகவே எம்.எஸ். மருந்தைப் பற்றிப் பேசுவதென்றால் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பேசுகிறோமா?

என் பெறாமகளுக்குப் பிங்கோலிமொட் என்ற குளிசையைக் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு ஒன்று. முதற் குளிசையை விழுங்கிய அன்று ஆறு மணி நேரம் வைத்தியசாலையில் இருத்தி நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதயத்துடிப்பை அது மெதுவாக்கும் என்பதற்காக. இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிசை நன்றாக வேலை செய்தது. இரண்டரை ஆண்டு ஒரு தாக்கமும் இல்லை. ஆனால், அந்த ஆறு மணி நேரத்திலாவது, அதற்குப் பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் கொப்பியோடு போய்வந்த நாட்களிலாவது, அவளைப் பார்த்து ஒருவர்தானும் “பிள்ளை, உனக்குக் கலியாணம் செய்து குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா?” என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பக்கத்திலே நின்ற நானும் வாய் திறக்கவில்லை. கலியாணமாகாத பெண்ணிடத்தில் கேட்கத்தகாத கேள்வி அதுவென்று நாங்கள் எல்லோரும் ஒருமித்து நினைத்திருந்தோம் போலும்.

2022ஆம் ஆண்டு தை மாதத்தில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. நோயை மறைத்துச் செய்யவேண்டுமென்பதே எனது கட்சி. தரகரிடமும் மூச்சு விடவில்லை. அவளோ, எழுத்து நடப்பதற்கு முன்னரே மாப்பிள்ளையைத் தனியே சந்தித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, “சரி, பார்த்துக்கொள்ளுவோம்” என்றாராம். அந்தப் பெருந்தன்மையை நான் அப்பொழுது மெச்சவில்லை. காரியம் கெட்டுவிடுமே என்றுதான் பதறினேன். மாமியாருக்கு மாத்திரம் சொல்லவேண்டாமென்று இருவரிடமும் வாக்கு வாங்கினேன். குளிசைப் பெட்டியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைக்கும்படி சொன்னதும் நானே.

அப்புறம் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பது. பங்குனி பிறக்குமுன்னரே கேள்வி தொடங்கிவிட்டது. கோயில் வீதியிலே கேட்டார்கள், செத்தவீட்டிலும் கேட்டார்கள். “என்ன, ஏதும் விசேஷம் உண்டோ?” வைத்தியர் ஒருமுறையும் கேளாத கேள்வியை ஊரார் ஓயாமற் கேட்டனர் என்பதை இப்பொழுது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் என்னிடம் வந்து பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை விரித்துக் காட்டினாள். கருப்பிணிகள் இதனை உட்கொள்ளலாகாது என்று அதிலே அச்சிட்டிருந்தது. “பெரியம்மா, நான் என்ன செய்ய?” என்றாள். எனக்கு அதிலே யோசிக்க ஒன்றுமிருப்பதாகத் தோன்றவில்லை. “விட்டுவிடு பிள்ளை. இரண்டரை வருஷமாய் ஒன்றுமில்லைத்தானே. குழந்தை பிறந்த பிறகு திரும்பத் தொடங்கலாம்” என்றேன். அது பொருளாதார நெருக்கடிக் காலம். எரிபொருளுக்கு வரிசை, மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. சென்னையிலிருந்து வருவோரிடம் சொல்லி இக்குளிசையை எடுப்பித்துக்கொண்டிருந்தோம். விட்டால் அந்த அலைச்சலும் மிச்சமாகும் என்ற எண்ணமும் என் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது. எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனால் இருந்தது.

புரட்டாதியிலே ஒரு காலை அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமற் போயிற்று. இடது பக்கம் முழுவதும் சோர்ந்து, பேச்சுக் குழறி, கண்ணிரண்டும் இரட்டையாய்த் தெரிய, நாற்காலியோடு தூக்கி வாகனத்தில் ஏற்றினோம். படம் எடுத்தார்கள். மூளையிற் புதிய புண்கள் பல. ஐந்து நாள் ஸ்டிரொயிட் மருந்தை நாளத்தினூடாக ஏற்றினார்கள். கருவும் தங்கியிருக்கவில்லை. எதற்காக விட்டாளோ அதுவும் கிட்டாமல், எதை வைத்திருந்தாளோ அதுவும் போயிற்று.

நரம்பியல் வைத்தியர் நல்ல மனிதர். கோபத்திலும் குரல் உயராது. “ஏன் எனக்குச் சொல்லாமல் விட்டீர்கள்?” என்று கேட்டார். அவள் குழறிய நாவோடு சொன்ன மறுமொழி இன்றும் என் காதிலே நிற்கிறது. “நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே, டொக்டர்.”

அவர் அதன்பின் விளக்கியபோதுதான் நான் செய்த ஆலோசனையின் விபரீதம் எனக்குத் தெரிந்தது. குளிசை அவளது வெண்குருதிக் கலங்களை நிணநீர்க் கணுக்களுக்குள்ளே பூட்டி வைத்திருந்ததாம். குளிசையை நிறுத்தியதும் பூட்டுத் திறந்து, அடைபட்டுக் கிடந்த கூட்டம் முழுவதும் ஒரேயடியாய்ப் புறப்பட்டு வந்திருக்கிறது. நோய் முன்னிருந்த நிலைக்குத் திரும்புவதோடு நில்லாது, முன்னெப்போதும் இல்லாத உக்கிரத்தோடு பாயக்கூடும். இவ்வாறு மோசமடைதல் பெரும்பாலும் நிறுத்திய 12 கிழமைக்குள் நிகழுமென்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2018ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. எங்களுக்கு அச்செய்தி நான்கு ஆண்டு பிந்திக் கிடைத்தது.

இங்கே ஒரு நியாயத்தை மறைத்தல் கூடாது. துண்டுத்தாள் சொன்னது பொய்யன்று. பிங்கோலிமொட் உட்கொண்டிருக்கும்போது கருவுற்றால் குழந்தைக்குப் பிறவிக்குறை ஏற்படும் வாய்ப்பு, பொதுவாக உள்ள நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவின் இரு மடங்காகும் என்று கண்டு, ஐரோப்பிய மருந்து முகவரகம் 2019இல் அதனைக் கருப்பிணிகளுக்கு விலக்கியது. நிறுத்தி இரண்டு மாதம் கழிந்த பின்னரே கருத்தரிக்கவேண்டும் என்றும் விதித்தது. இத்தகைய எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யும் துணிவு என் வயதினருக்கு இராது. தலிடொமைட் என்ற தூக்கமருந்து 1957இல் ஜேர்மனியிற் கடைக்கு வந்து, வாந்திக்கு நல்லதென்று கருப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, 1961இல் மீட்கப்படுவதற்கு முன்னர் கையும் காலும் குறைந்த குழந்தைகள் எத்தனை ஆயிரம் பிறந்தார்கள்! அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்த தலைமுறை, வயிற்றிற் பிள்ளை இருக்கும்போது மருந்தென்றால் நடுங்குவது இயல்பே. நான் நடுங்கியதிற் பிழையில்லை. மருந்தை விடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாராததே பிழை.

அப்படியானால் எம்.எஸ். உள்ள பெண் தாயாகலாமா? ஆகலாம். இதனை ஐயமறச் சொல்ல இன்று ஆதாரம் உண்டு. ஒரு காலத்தில் வைத்தியர்களே வேண்டாமென்று தடுத்தனர். உண்டான கருவைக் கலைக்கும்படி சொன்னவர்களும் உளர். பிரான்சு தேசத்து வைத்தியர் கொன்பவ்ரோவும் அவரது குழுவினரும் ஐரோப்பாவில் 12 நாடுகளில் 254 பெண்களைக் கருக்காலம் முழுவதும், பிரசவத்தின் பின்னரும், தொடர்ந்து கவனித்து 1998இல் முடிவை வெளியிட்டனர். கருவுறுவதற்கு முந்திய ஆண்டிலே பத்துப் பெண்களுக்கு ஆண்டொன்றுக்கு ஏழு தாக்கம் என்ற வீதம் இருந்தது. கருவின் கடைசி மூன்று மாதத்தில் அது இரண்டாக இறங்கிற்று. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தில் பன்னிரண்டாக ஏறிப் பின்னர் பழைய அளவுக்குத் தணிந்தது. வயிற்றிலிருக்கும் குழந்தை, தகப்பனின் கூற்றையும் உடையதாதலின், தாயின் உடலுக்கு ஒருவகையில் அந்நியப் பொருள். அதனைத் தள்ளிவிடாமல் ஏற்பதற்காக நோயெதிர்ப்புச் சக்தி தன்னைத் தானே தணித்துக்கொள்ளுகிறது. அந்தத் தணிவிலே எம்.எஸ்.சும் சேர்ந்து உறங்குகிறது. இயற்கையின் விநோதம் என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த நற்செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள், “பிள்ளை உண்டானால் நோயே மாறிவிடும், மருந்து எதற்கு?” என்று கிளம்புகின்றனர். 254 பேரில் பெரும்பாலோர் மருந்தின்றி வாழ்ந்தவர்கள் என்பதை அவர்கள் அறியார். இந்நோய்க்கென்று முதலாவது மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1993இலே தான். கருவின் காவல் சாதாரண நோயைத் தணிக்கும். பலத்த மருந்தொன்றினாற் கட்டி வைக்கப்பட்டு, கட்டறுந்து பாயும் நோயைத் தணிக்க அது போதுமென்று நம்பியிருத்தல் கூடாது. அன்றியும், மருந்தை நிறுத்துதலுக்கும் கரு உண்டாதலுக்கும் இடையில் எத்தனை மாதம் செல்லுமென்று யார் கண்டார்? என் பெறாமகளின் தீங்கு அந்த இடைவெளியிலேதான் நேர்ந்தது.

மருந்துகள் எல்லாம் ஒரு சாதியுமல்ல. எங்கள் வீட்டில் அவற்றையெல்லாம் ‘நரம்புக் குளிசை’ என்ற ஒரே பெயரால் அழைத்தோம். அதுவே முதல் அறியாமை. இன்டர்பெரோன் என்ற பழைய ஊசிமருந்தைக் கருப்பிணிகளுக்கு விலக்கி வைத்திருந்த ஐரோப்பிய முகவரகம், ஆயிரத்துக்கு மேற்பட்ட கருக்காலங்களின் பதிவைப் பார்த்து, 2019இல் அவ்விலக்கை நீக்கிவிட்டது. தேவையானால் கருக்காலத்திலும் போடலாம், பாலும் கொடுக்கலாம் என்றது. கிளட்டிராமர் என்ற ஊசியும் அத்தகையது. மறுபுறத்தில் டெரிபுளூனொமைட் என்ற குளிசை இருக்கிறது. அதை விட்டாலும் அது ஆளை விடாது. இரத்தத்திலே எட்டு மாதம், சிலருக்கு இரண்டு ஆண்டுகூடத் தங்கும். அவசரமாயின் கொலஸ்டிரமின் என்ற தூளையோ, மருந்துக் கரியையோ 11 நாள் கொடுத்துக் கழுவி எடுக்கவேண்டும். பின்னர் 14 நாள் இடைவிட்டு இருமுறை இரத்தத்தைச் சோதித்து, போய்விட்டதென்று உறுதிப்படுத்தவேண்டும். கிளாட்ரிபின் என்ற குளிசைக்குக் கடைசி வேளையிலிருந்து ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். நட்டலிசுமாப் என்ற ஏற்றும் மருந்தை நிறுத்தினாலும் நோய் திரும்பிப் பாயும். ஆகையினால் நோய் கடுமையாயுள்ளவர்களுக்குக் கருக்காலத்திலும் இடைவெளியைக் கூட்டித் தொடர்ந்து ஏற்றுகிறார்கள்.

இவ்வளவையும் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண் தானே ஆராய்ந்து அறியவேண்டும் என்பதில்லை. அறியவும் முடியாது. அவள் அறியவேண்டியது, தன் குளிசைக்கும் தன் குழந்தைக்கும் இடையில் ஒரு நாட்கணக்கு உண்டு என்பதும், அக்கணக்கைத் தானாகவோ பெரியம்மாவைக் கொண்டோ போடலாகாது என்பதுமே. கணக்கைப் போடவேண்டியவர் வைத்தியர். அதற்கு அவர் முதலிற் கேள்வியைக் கேட்கவேண்டும்.

எனது கட்சி இதுதான். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு எம்.எஸ். மருந்தை எழுதும் முதல் நாளே, கலியாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், பிள்ளை பற்றிய எண்ணத்தை வைத்தியர் கேட்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் கேட்கவேண்டும், எண்ணம் மாறும். பிரித்தானிய நரம்பியல் வைத்தியர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. நோய் கண்டநாள் தொட்டே பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசவேண்டும் என்கிறது. என்றோ பெறப்போகும் பிள்ளையை எண்ணி இன்றைக்கு வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது என்றும் சொல்லுகிறது. இரண்டாவது பகுதி முக்கியமானது. ‘பிள்ளை பெறுகிற பெண், மருந்து வேண்டாம்’ என்று கையைக் கழுவுவதும், ‘மருந்து குடிக்கிற பெண், பிள்ளை வேண்டாம்’ என்று கையைக் கழுவுவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

கிளினிக்கிலே இதற்கு நேரமேது என்பார்கள். விடிய ஐந்து மணிக்கே இலக்கம் எடுத்துக் காத்திருப்போர் வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் புண்ணியம். மேசைக்கு இப்புறம் ஒருத்தி தன் நோயைச் சொல்லும்போதே அடுத்தவள் கொப்பியை நீட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறாள். அந்த இடத்திலே ஒரு குமரிப்பெண் தன் வயிற்றைப் பற்றி என்ன பேசுவாள்? உண்மைதான். ஆயினும் வழியில்லாமலில்லை. புதுமணத் தம்பதியரைக் கண்டு கருத்தரிப்பதற்கு முன்னரே ஆலோசனை சொல்லி, போலிக்கமிலக் குளிசையும் கொடுப்பதற்கு எங்கள் நாட்டிலே ஏற்பாடு உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் ஊர்தோறும் இருக்கிறார். என் பெறாமகளின் வீட்டுக்கும் அந்த அம்மா வந்தார். நீண்டகால நோய் ஏதும் உண்டா என்று முறைப்படி கேட்டார். மாமியார் அருகிலிருந்தபடியால் அவள் இல்லையென்று தலையசைத்தாள். ஆகவே, கேட்கவேண்டியவர் கேளாத இடத்திலே சொல்லவும் இல்லை. கேட்டவர் கேட்ட இடத்திலும் சொல்லமுடியவில்லை. இரண்டாவதற்குப் பழி வைத்தியர்மேல் இல்லை. வாக்கு வாங்கிய என்மேல்.

அந்த மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கதைகளில் வருகின்ற மாமியாராகவே நான் அவரை மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலே எல்லாம் வெளிப்பட்டபொழுது அவர் சுவரோடு சாய்ந்து நின்று, “எனக்கு ஏன் ஒருவரும் சொல்லேல்லை? நான் என்ன பேயோ?” என்றார். அழுதார். பிறகு மருமகளின் காலுக்கு எண்ணெய் தேய்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பதிலாக நானே ஒரு மாமியாராயிருந்திருக்கிறேன் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

அதன்பின் கணக்கு முறையாகப் போடப்பட்டது. ரிட்டுக்சிமாப் என்ற மருந்துக்கு மாற்றினார்கள். வேறு நோய்களுக்கென்று வந்து, இந்நோய்க்கும் பல நாடுகளில் வழங்கப்படுவது அது. ஒருமுறை ஏற்றினால் மருந்து உடலை விட்டுப் போனபின்னும் அதன் பயன் பல மாதம் நிற்கும். அந்த நிழலிலே கருத்தரிக்கலாம். மருந்தோடு வருந் தாளிலே ஓராண்டு காத்திருக்கவேண்டும் என்றிருக்கும். நரம்பியல் வைத்தியர் பலர் அதனிலும் குறைந்த காலத்தை ஏற்கின்றனர். எங்கள் வைத்தியர் ஆறு மாதம் என்றார். 2023ஆம் ஆண்டு ஆவணியிலே கடைசி ஏற்றம். மாமியார் குசினிக் கலண்டரிலே மாதங்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தார். காலின் விறைப்புக்கும் நரம்புவலிக்குமாகக் கொடுத்திருந்த சில்லறைக் குளிசைகளையும் வைத்தியர் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாதவற்றை மெல்ல மெல்லக் குறைத்தார். 2024 பங்குனியிலே கரு நின்றது. மார்கழியிலே ஒரு பெண் குழந்தை. கருக்காலத்தில் ஒரு தாக்கமும் இல்லை. முள்ளந்தண்டிலே மரப்பூசி போடலாமோ என்று நான் பயந்தேன். போடலாம் என்றார்கள், போட்டார்கள். 1998ஆம் ஆண்டு ஆராய்ச்சியிலும் அவ்வூசியினாலோ பாலூட்டுதலினாலோ தீங்கு நேர்ந்ததாகக் காணப்படவில்லை.

பிள்ளை பிறந்த பின்னுள்ள மூன்று மாதமே கண்டம் என்பது முன்பே தெரிந்தபடியால் அதற்கும் ஆயத்தமாயிருந்தோம். இங்கே எங்கள் பழைய வழக்கங்களைப் பற்றிச் சிறிது சொல்ல ஆசை. மருந்தையும் கருப்பையையும் சேர்த்து நினைக்கவேண்டும் என்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. யாழ்ப்பாணத்து வைத்திய நூலாகிய பரராசசேகரத்திலே கெர்ப்பரோகத்துக்கென்று தனிப்பகுதியே உண்டு. பிள்ளைப் பெற்றவளை 31 நாள் வேலை செய்யவிடாமற் படுக்க வைத்து, சரக்கரைத்துக் கொடுத்து, பிள்ளையை மற்றவர்கள் ஏந்திக்கொள்ளும் வழக்கத்தை நாகரிகம் படைத்த சிலர் பரிகசிக்கிறார்கள். நித்திரைக்குறைவும் களைப்பும் தீராச் சோதனையாயிருக்கும் எம்.எஸ். நோயாளிக்கு அதனினும் சிறந்த உதவி வேறென்ன? இரவிலே குழந்தையைக் கைமாற்றி வைத்திருக்க நாங்கள் மூன்று கிழவிகள் இருந்தோம். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றினோம். இலைகுழை அவித்த கொதிநீரிலே குளிக்க வார்ப்பதும் வேது பிடிப்பதும் இந்நோயாளிக்கு ஆகாது. உடல் சூடேறினால், கெட்ட நரம்பு இன்னும் மந்தமாகி, கண்ணும் காலும் சற்று நேரம் சோரும். ஊதொவ் என்ற ஜேர்மானியக் கண்வைத்தியர் 1890இலே கண்டு சொன்ன உண்மை இது. ஆகையால் இளஞ்சூட்டு நீரிலேயே வார்த்தோம். அயலிலுள்ளவர்களுக்கு அது பிடிக்கவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தபோதெல்லாம் அந்தத் தண்ணீரின்மேல் பழி விழுந்தது.

இன்னொரு பக்கத்தார் உண்டு. நோயுள்ளவள் எதற்காகப் பெறவேண்டும், பிள்ளைக்கும் வராதா என்று கேட்பவர்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று என்பது மேனாட்டுக் கணக்கு. மற்றவர்களிலும் அது பன்மடங்கு கூடியதுதான். ஆயினும் நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு வாராது. இதைவிடக் கூடுதலாகக் கடத்தப்படுகிற வருத்தங்களோடு எத்தனையோ பேர் யோசியாமலே பெறுகின்றனர். அவர்களை யாரும் கேட்பதில்லை. மாறாக, குழந்தையே வேண்டாம், எனக்கு என் கால்கள் போதும் என்று ஒரு பெண் தீர்மானித்தால், அத்தீர்மானத்தையும் ஊர் பொறுக்காது. கேளுங்கள் என்று வைத்தியரை நான் வேண்டுவது பிள்ளை பெறச் சொல்லித் தூண்டுவதற்காக அல்ல. இரண்டில் எதையும் அவள் சொல்லக்கூடிய ஓர் அறையாவது நாட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக.

என் பெறாமகளின் இடது பாதம் பழையபடி வரவில்லை. நிலத்திலே சற்று இழுபடும். மாடிப்படியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறமாட்டாள். கணவன் ஏறும்வரை கீழே நிற்பாள். பாடசாலைக்குத் திரும்பிவிட்டாள். மருந்தும் திரும்பத் தொடங்கியாயிற்று. வைத்தியரின் சம்மதத்தோடு பாலும் கொடுத்தாள். அந்தப் பாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆனி மாதத்து அந்தத் துண்டுத்தாள் எனக்கு நினைவு வரும். அவள் அதைப்பற்றி என்னை ஒருநாளும் நொந்து பேசியதில்லை. சென்ற கிழமைதான், குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று, “பெரியம்மா, இன்னொன்று பெற ஆசையாயிருக்குது” என்றாள். நான் வாய் திறப்பதற்கு முன்னரே சிரித்துக்கொண்டு சொன்னாள்: “உங்களைக் கேட்கேல்லை. வாற செவ்வாய்க்கிழமை கிளினிக். அங்கே கேட்கிறன்.”